பதினான்கு சோதனையும் ஒரு திகதியும்

தவரத்தினத்தைப் பொய்யர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அவர் செய்ததெல்லாம் ஒரு தடவை "ஓம்" சொன்னதுதான். 1992இல் பாரிசுக்கு வந்த முதல் மாதம், லா சப்பலில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருந்தபோது, அறைக்காரர் ஒருவருக்கு அகதி விண்ணப்பத்துக்கான கடிதம் எழுதிக் கொடுத்தார். கடிதத்தின் நடையைப் பார்த்து அசந்துபோன அந்த மனிதர், "கம்பஸிலை படிச்சனீங்களோ?" என்று கேட்டார். "ஓம்" என்றார் தவரத்தினம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் அவர் இரண்டு வருடம் படித்தது உண்மை. மூன்றாம் வருடம் சண்டை தொடங்கி, வகுப்பு நின்று, கொழும்புக்கு வந்து விமானம் ஏறியதும் உண்மைதான். ஆனால் படித்து முடித்தீர்களா என்று அந்த மனிதர் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் கெட்ட பழக்கம் எங்கள் ஆட்களுக்குக் கிடையாது.

அந்த "ஓம்" சும்மா கிடக்கவில்லை. ஒரு கிழமையில் அவர் "கம்பஸ் பொடியன்" ஆனார். ஒரு வருடத்தில் "பட்டதாரி" ஆனார். பிறகு தலை நரைத்து, லா சப்பலில் அல்பிரட்டின் பலசரக்குக் கடையில் கல்லாவுக்கு வந்து சேர்ந்தபோது "பட்டதாரி அண்ணை" என்று பெயர் நிலைத்துவிட்டது. ஒரு கையால் கத்தரிக்காய் நிறுத்தபடி மறு கையால் ப்ரெபெக்த்தூர் என்ற அரச அலுவலகம் அனுப்பிய கடிதத்தைப் பிடித்து வாசித்து, எந்தப் பெட்டிக்குள் புள்ளடி போடவேண்டும் என்று சொல்லுவார். அந்தப் பெயருக்குப் பின்னால் மூன்றாம் வருடம் ஒன்று குறைகிறது என்று அவர் குடியிருந்த புறநகர் சார்செல்லில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அது அவருடைய மனைவி வள்ளிநாயகி. பெண் பார்த்த காலத்திலேயே அவர் அதை மறைக்காமல் சொல்லிவிட்டார். "ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஆனா ஒருநாள் ஆரும் சேட்டிபிக்கற் கேப்பினம்" என்று அவள் அப்போதே எச்சரித்தாள். அந்த ஓமிலிருந்து எண்ணினால், கேட்க இருபத்தேழு வருடம் எடுத்தது.

கேட்டவர் பத்திநாதர். லா சப்பலில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றின் நிருவாகத் தலைவர். ஊரில் கச்சேரி என்ற அரச செயலகத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். பாரிசில் ஒரு காரியாலயத்தின் வாசலில் இருபது வருடம் காவல் இருந்து இளைப்பாறியவர். வேலை போனாலும் கச்சேரி அவரை விட்டுப் போகவில்லை. எதையும் துளை போட்டுக் கோப்பில் போட்டால்தான் அது நடந்ததாக ஒப்புக்கொள்வார். அந்தப் பள்ளிக்கூடத்தில் தவரத்தினம் பதினைந்து வருடமாக எட்டாம் ஆண்டுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். 2019இல் பழைய அதிபர் லண்டனுக்குப் போய்விட, யார் அடுத்த அதிபர் என்று யோசிக்கவே யாருக்கும் தேவை வரவில்லை. பள்ளிக்கூடத்தின் விதிகள் அடங்கிய யாப்பில் அதிபர் பட்டதாரியாக இருத்தல் வேண்டும் என்று எழுதியிருந்தது. பட்டதாரி என்று பெயரே வைத்திருக்கும் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். தவரத்தினம் மறுக்க எழும்பினார். நன்றி சொல்ல எழும்புகிறார் என்று நினைத்துச் சனம் கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்தபோது அவருக்கு அந்தப் பதவி பிடித்துப்போயிருந்தது.

உண்மையைச் சொல்லவேண்டும் என்றால், அது அவருக்கு உயிராகவே ஆகிவிட்டது. கிழமையில் ஐந்து நாள் அல்பிரட்டிடம் பேச்சு வாங்குகிற மனிதர், சனிக்கிழமை காலையில் மணியடித்ததும் நூற்றிநாற்பது பிள்ளைகள் எழும்பி வணக்கம் சொல்வதைக் கேட்டால் ஒரு அங்குலம் வளர்ந்துவிடுவார். அப்படி வளர்ந்து நின்ற ஒரு சனிக்கிழமையில்தான் பத்திநாதர் வந்தார்.

"மாஸ்டர், உங்கடை பட்டச் சேட்டிபிக்கற் ஒரு கொப்பி தாங்கோ. வேறை ஒண்டுமில்லை, ஃபைலுக்கு."

ஊரில் கிடக்கிறது என்றார் தவரத்தினம். அடுத்த மாதம், அக்கா வீட்டு அலுமாரியில் கிடக்கிறது என்றார். அதற்கடுத்த மாதம், அக்கா அலுமாரித் திறப்பைக் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டா என்றார். இல்லாத சான்றிதழுக்கு இவ்வளவு விலாசம் கொடுத்த மனிதரை நான் வேறெங்கும் கண்டதில்லை. பத்திநாதர் ஒவ்வொரு பதிலையும் திகதி போட்டுக் குறித்துக்கொண்டார்.

இந்த இக்கட்டில் வழி காட்டியவர் கடைக்குக் கறிவேப்பிலை வாங்க வரும் பிரவீணா. கோயம்புத்தூர்க்காரி, பாரிசில் மென்பொருள் வேலை. ஒருநாள் அவள் போனில் யாருக்கோ அமெரிக்கப் படிப்பு ஒன்றைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்ததைத் தவரத்தினம் காது கொடுத்துக் கேட்டார். பிறகு, தனக்குத் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார், பாவம், மூன்றாம் வருடம் படிக்கவில்லை, அவருக்கு ஏதும் வழியுண்டா என்று கேட்டார். அந்த ஆளுக்கு என்ன வயது என்று கேட்டாள் பிரவீணா. ஐம்பத்திரண்டு என்றார். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அந்த ஆளோட ரெண்டு வருஷமும் வேஸ்ட் ஆகாது அங்கிள். மார்க் ஷீட் இருந்தா டிரான்ஸ்ஃபர் பண்ணிக்கலாம். மிச்ச பேப்பர் எல்லாம் கிளாஸே அட்டெண்ட் பண்ணாம, நேரா எக்ஸாம் எழுதியே க்ளியர் பண்ணிடலாம்."

அதாவது, அமெரிக்காவில் அப்படியும் ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. ஒரு பாடத்துக்கான பொதுச் சோதனையை எழுதிச் சித்தியடைந்தால், அந்தப் பாடத்தை வகுப்பில் இருந்து படித்ததாகவே அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எங்கே படித்தாய், யாரிடம் படித்தாய் என்று கேட்கமாட்டார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து புள்ளிச் சீட்டு வந்து, மொழிபெயர்த்து, மதிப்பிட்டு முடிய, இன்னும் பதினான்கு சோதனை பாக்கி என்று பதில் வந்தது. அதற்குள் கொரோனா வந்து ஊர் முழுக்கப் பூட்டிவிட்டார்கள். சோதனைகளை வீட்டிலிருந்தே கணினியில் எழுதலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. உலகமே அழுதுகொண்டிருந்த அந்த வசந்த காலத்தில் தவரத்தினத்துக்கு மட்டும் இரண்டு நிம்மதி கிடைத்தது. ஒன்று, இலங்கைக்கு விமானம் இல்லை, அக்காவின் அலுமாரியை யாரும் திறக்க முடியாது. மற்றது, முகத்துக்கு மாஸ்க்.

மாஸ்க் ஏன் நிம்மதி என்றால், தவரத்தினம் வாய்விட்டுப் படிக்கும் பரம்பரை. கண்ணால் மட்டும் வாசித்தால் அவருக்கு ஒன்றும் ஏறாது. கடை திறந்திருந்தபடியால் தினமும் சார்செல்லிலிருந்து ஆர்.ஈ.ஆர். டி ரயில் ஏறுவார். ஏறினதும் கார் து நோர் நிலையம் வரை அமெரிக்க வரலாற்றை மாஸ்க்குக்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவார். எதிரே இருந்தவர்கள் மந்திரம் என்று நினைத்து இடம் விட்டுக் கொடுத்தார்கள். இங்கிலீசுதான் முதலில் வதைத்தது. ஒரு பக்கத்துக்குப் பத்துத் தடவை அகராதி பார்த்தார். ஆனால் கேள்வித்தாளைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. நான்கு விடை கொடுத்து, அதில் ஒன்று சரி என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு கேள்விக்கு ஏழு பக்கம் எழுதியும் சரியான விடை எது என்று கடைசிவரை யாரும் சொன்னதில்லை.

சமூகவியல் பாஸ். உளவியல் பாஸ். அதோடு வீட்டில் வள்ளிநாயகி கோபித்தால் அது எந்த வகைக் கோபம் என்று சொல்லத் தொடங்கினார். அது அவளுடைய கோபத்தைக் குறைக்கவில்லை. சந்தைப்படுத்தல் படித்த மாதம் கடைதான் பாடுபட்டது. வாடிக்கையாளர் தேடி வாங்கும் பொருளைக் கடையின் கடைக்கோடியில் வைத்தால் போகிற வழியில் மற்றதையும் வாங்குவார் என்று புத்தகத்தில் இருந்தது. அவர் முருங்கைக்காயைக் கொண்டுபோய் உறைகுளிர்ப் பெட்டிகளுக்குப் பின்னால் வைத்தார். சனம் வாசலில் நின்று பார்த்துவிட்டு, இன்றைக்கு முருங்கைக்காய் வரவில்லை என்று அடுத்த கடைக்குப் போனது. அல்பிரட் முருங்கைக்காய்க் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்ப வாசலுக்கு வந்தபோது சொன்னவற்றை அச்சில் போட முடியாது. அந்தப் பாடத்திலும் தவரத்தினம் பாஸ்.

இப்படியாக 2021 ஆனி மாதத்துக்குள் பதின்மூன்று முடிந்தது. பதினான்காவது புள்ளிவிபரவியல். அதே கிழமையில் பத்திநாதரிடமிருந்து ஒரு ரெக்கமாந்தே வந்தது. தினமும் கடை வாசலால் போகிற மனிதர், கையெழுத்து வைத்து வாங்கும் பதிவுத் தபாலில் அனுப்பியிருந்தார். கார்த்திகைப் பொதுக்கூட்டத்துக்கு முன் சான்றிதழின் பிரதி கோப்பில் இல்லாவிடின் அதிபர் பதவி வெற்றிடமாகக் கருதப்படும் என்றது கடிதம். பதவி மட்டுமா போகும்? பட்டதாரி அண்ணை பட்டதாரி இல்லை என்ற செய்தி லா சப்பலில் ஒரு தேத்தண்ணி ஆறுமுன் ரூ காய் தெரு முழுக்கப் போய், மாலைக்குள் புறநகர் வில்லியே லே பெல் வரை ஏறிவிடும்.

சோதனை நாள். வீட்டிலிருந்து எழுதுவதென்றால் சும்மா இல்லை. கணினிக் கண்ணால் அறையைச் சுற்றிக் காட்டவேண்டும், மேசைக்குக் கீழே காட்டவேண்டும், காதைக் காட்டவேண்டும். அமெரிக்காவிலிருந்து மார்கிரட் என்ற பெண்மணி முழு நேரமும் பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு அசையக் கூடாது. உள்ளே வேறு ஆள் வரக் கூடாது. கணக்குப் போட ஒரு சின்ன வெள்ளைப் பலகைக்கு அனுமதி உண்டு, தொடங்குமுன் அது வெறுமையாக இருக்கவேண்டும். தவரத்தினம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் காட்டினார். பிறகு, ஆறு வயதிலிருந்து எந்தத் தாளைத் தொட்டாலும் செய்கிற காரியத்தைக் கை தானாகச் செய்தது. பலகையின் உச்சியில் ஒரு பிள்ளையார் சுழி போட்டார்.

அது என்ன என்று கேட்டாள் மார்கிரட். கடவுள் என்றார் தவரத்தினம். எந்தப் பாடத்துக்கான குறிப்பு என்று கேட்டாள். எல்லாப் பாடத்துக்கும் என்று அவர் மனதறிந்த உண்மையைச் சொன்னார். நிலைமை மோசமானது. உடனே அழிக்கும்படி மார்கிரட் சொன்னாள். அழிப்பதா? தொடங்கும் காரியத்தின் தலையில் போட்ட பிள்ளையாரைத் தொடங்குமுன் தன் கையாலேயே அழித்துவிட்டு எழுதினால் விளங்குமா? துணியைக் கையில் எடுத்தவர் அப்படியே இருந்தார். அந்தக் கண்ணுக்குத் தெரியாத பெண்மணி இரண்டாம் தடவை சொன்னாள். கதவுக்கு வெளியே காதை வைத்துக்கொண்டு நின்ற வள்ளிநாயகிக்குப் பொறுக்கவில்லை.

"இஞ்சேருங்கோ, அழியுங்கோ. பிள்ளையார் குறை நினைக்கமாட்டார்."

திரை கறுத்தது. அறையில் இரண்டாம் நபரின் குரல், சோதனை இரத்து, மூன்று மாதத்தின் பின் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று நான்கு வரி வந்தது. தவரத்தினம் துணியும் கையுமாக இருந்தார். வள்ளிநாயகி கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, முடிந்துவிட்டதா, இவ்வளவு கெதியாகவா என்று கேட்டாள்.

தவரத்தினம் கடிதம் எழுதுவதில் மன்னர் அல்லவா? பிள்ளையார் யார், சுழி என்ன, ஒரு நாகரிகம் எதையும் தொடங்குமுன் ஏன் அதைப் போடுகிறது என்று இரண்டு பக்கத்தில் மேன்முறையீடு எழுதினார். அவருடைய சமய நம்பிக்கையை மிகவும் மதிப்பதாகவும், அந்தக் குறியீட்டில் தங்களுக்கு ஆட்சேபம் எதுவும் மீதமில்லை என்றும், பிரச்சினை பெண்குரல் மட்டுமே என்றும் மரியாதையாகப் பதில் வந்தது. வள்ளிநாயகி அதை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டாள். பிள்ளையார் தப்பிவிட்டார், மாட்டினது நான் என்று சொல்லி, இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தாள்.

புரட்டாதியில் மறுபடி எழுதினார். அன்று வள்ளிநாயகி தானாகவே லா சப்பல் பிள்ளையார் கோயிலுக்குப் போய், சோதனை முடிந்ததென்று போன் வரும்வரை வீதியில்தான் இருந்தாள். தவரத்தினம் வெறும் பலகையைக் காட்டிவிட்டு, கைகள் இரண்டையும் தொடைக்குக் கீழே வைத்து அமர்த்திக்கொண்டார். கேள்வி வரும்வரை அவற்றை வெளியே எடுக்கவில்லை. பாஸ்.

ஐப்பசிக் கடைசியில் சான்றிதழ் தபாலில் வந்தது. தடித்த தாள், பொன் முத்திரை, அவருடைய முழுப் பெயர், அதற்குக் கீழே இளங்கலைப் பட்டம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார். வள்ளிநாயகி பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள். முதலில் கண்டவள் அவள்தான். கீழே, அழகான சாய்வெழுத்தில், திகதி இருந்தது. இரண்டாயிரத்து இருபத்தொன்று, ஒக்டோபர்.

வருடக்கணக்காகப் பிரெஞ்சு அரசாங்கப் படிவங்களில் மற்றவர்கள் விட்ட பிழையெல்லாம் திருத்திய மனிதர், பட்டச் சான்றிதழில் திகதி இருக்கும் என்று யோசிக்கவில்லை. அவர் பட்டதாரி என்று நிரூபிக்கும் அதே தாள், போன மாதம்வரை அவர் பட்டதாரி இல்லை என்றும் நிரூபித்தது. இதைக் கொடுத்தால் போச்சு. கொடுக்காவிட்டாலும் போச்சு.

மறுநாள் கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கொப்பி மெசினைத் திறந்தார். திகதியின் மேல் ஒரு வெள்ளைத் தாள் துண்டை வைத்துப் பிரதி எடுத்தார். கச்சிதமாக வந்தது. எந்த வருடத்துச் சான்றிதழாகவும் இருக்கலாம், 1991ஆகக்கூட இருக்கலாம். அதைக் கையில் வைத்துப் பார்க்கப் பார்க்க அவருக்கு நிம்மதி வரவில்லை, கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வயதில் அப்பாவின் காசில் சாப்பிட்டுப் படித்து எவனோ ஒருவன் வாங்கின பட்டம்போல இருந்தது அது. இங்கிலீசு அகராதி எங்கே? ஆர்.ஈ.ஆர். எங்கே? முருங்கைக்காய் எங்கே? கல்லாவில் எட்டு மணித்தியாலம் நின்ற காலோடு ஐம்பத்துநாலு வயதில் பாஸ் பண்ணினதெல்லாம் அந்த வெள்ளைத் துண்டுக்குக் கீழே போய்விட்டது. வெள்ளைத் துண்டை எடுத்துவிட்டு இன்னொரு பிரதி அடித்தார். இரண்டையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். எதைக் கொடுக்கப் போகிறார் என்று அவருக்கே தெரியாது.

பொதுக்கூட்டத்துக்கு முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். நிகழ்ச்சி நிரலில் நான்காவதாக அதிபரின் தகைமை என்று இருந்தது. பத்திநாதர் கையை நீட்டினார். தவரத்தினம் பைக்குள் கை விட்டு, திகதி உள்ளதை எடுத்துக் கொடுத்தார். பத்திநாதர் பொன் முத்திரையைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார், தலையை ஆட்டினார். கருவியை எடுத்து ஓரத்தில் நாலு துளை போட்டார். கோப்பைத் திறந்து, மாட்டி, மூடினார். அடுத்தது பொங்கல் விழா என்றார்.

அவ்வளவுதான், தப்பிவிட்டார். இனி அந்தக் கோப்பை ஒருவரும் திறக்கப் போவதில்லை. பின்வரிசையிலிருந்து வள்ளிநாயகி, இருங்கோ இருங்கோ என்று கையால் காட்டினாள். தவரத்தினம் இருக்கவில்லை.

"தலைவர், அதிலை ஒரு திகதி கிடக்கு. வாசியுங்கோ."

பத்திநாதர் கண்ணாடி போட்டு, கோப்பைத் திறந்து வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். இது இந்த வருடத்துத் திகதி அல்லவா என்று கேட்டார்.

"ஓம். நான் கம்பஸிலை ரெண்டு வருசம்தான் படிச்சனான், முடிக்கேல்லை. நீங்கள் எல்லாரும் பட்டதாரி எண்டு கூப்பிடேக்கை வாயைப் பொத்திக்கொண்டு இருந்தனான். அது பிழை. போன மாசம்தான் நான் பட்டதாரி ஆனனான். பதினாலு சோதினை எழுதி ஆனனான்."

தலை குனிந்து, மெதுவாகச் சொல்லத்தான் நினைத்திருந்தார். பதினாலு என்று வந்தபோது குரல் தன்பாட்டில் உயர்ந்துவிட்டது. வெட்கமும் பெருமையும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு வருமா என்று கேட்டால், அன்று அவருக்கு வந்தது. யாரோ ஒருவர் சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்தினார். பத்திநாதர் யாப்பு இருந்த கோப்பை எடுத்து, விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தார்.

"அதிபர் பட்டதாரியாய் இருத்தல் வேண்டும் எண்டு கிடக்கு. இருக்கிறார். எப்ப ஆனவர் எண்டு யாப்பிலை கேள்வி இல்லை. ஆனா ரெண்டு வருசமா நீங்கள் கையெழுத்துப் போட்ட பிள்ளையளின்ரை சான்றிதழ் முழுக்கத் திருப்பிப் போட்டுத் தரவேணும் மாஸ்டர்."

சரி என்றார் தவரத்தினம். இருநூற்றெண்பது கையெழுத்து. அதைவிட மலிவாக முப்பது வருடப் பாரத்தை யாரும் இறக்கி வைத்ததில்லை. பத்திநாதர் மறுபடியும் பொங்கல் விழா என்று தொடங்கினார்.

அப்போது நடுவரிசையில் யோகராணி எழும்பினாள். ஸ்தேன் என்ற புறநகரிலிருந்து வந்து மூன்றாம் ஆண்டுக்குப் படிப்பிக்கும் ஆசிரியை. பள்ளிக்கூட மலரில் பதினொரு வருடமாக அவளுடைய பெயருக்குப் பின்னால் பி.ஏ. என்று அச்சாகி வருகிறது. கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவரைப் பார்க்கவில்லை, தவரத்தினத்தைப் பார்த்தாள்.

"மாஸ்டர், என்னட்டை ஒரு வருசத்துப் புள்ளிச் சீட்டுத்தான் கிடக்கு. தொண்ணூற்றஞ்சிலை இடம்பெயரேக்கை சாறிக்குள்ளை மடிச்சு வைச்சுக் கொண்டு வந்தனான். ஒரு வருசத்தையும் அவங்கள் எடுப்பாங்களோ?"

பத்திநாதர் ஆசிரியர் பட்டியலை எடுத்தார். யோகராணியின் பெயரைத் தேடிப் பிடித்து, பி.ஏ. என்ற இரண்டு எழுத்துக்கு மேல் பேனாவைக் கொண்டுபோனார். பிறகு தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். பொங்கல் விழாவைப் பிறகு பார்க்கலாம் என்றார். மாஸ்டர் அந்த அமெரிக்க விஷயத்தை முதலிலிருந்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லட்டும் என்றார்.

தவரத்தினம் தொண்டையைச் செருமிக்கொண்டு மேசைக்கு முன்னால் வந்தார். பின்வரிசையில் மூன்று பேர் கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார்கள்.